கடைசிச் சீட்டு விழுந்த வீடு

அக்கா வீட்டுத் தளத்திலிருந்து முதலில் விழுந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைச் சில்லு. அடுத்த மழை முடிவதற்குள் அடுப்படி நீங்கலாக மேலே எங்கு பார்த்தாலும் கம்பி தெரிந்தது. உப்புக் காற்று பட்டால் கம்பி இற்று மெலியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முதலில் ஊதுகிறது. ஊதி, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. இதை எனக்குச் சொன்னவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் இரண்டு சிமெண்டுப் படி என எல்லாம் ஒரே அச்சு. பட்டா பெண்கள் பேரில். அக்காவின் கணவர் இறந்து சில வருடங்களாகின்றன. பிள்ளைகள் இல்லை. அவள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துக் கடைத்தெருவில் விற்கிறாள்.

நான் பொன்னேரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பத்திரிகைக்குத் தாலுகா செய்தி அனுப்புகிறவன். ஐப்பசி மழைக்குள் தளம் சரியாகாவிட்டால் அவள் என்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஓர் அறையை ஒழித்து, அவளுடைய தகரப் பெட்டியை முன்கூட்டியே கொண்டுவந்தும் வைத்துவிட்டேன்.

"பொன்னேரில இன்னா ஏரி கீது? உன் பொண்டாட்டி சீரியல் பாக்கறப்போ பக்கத்துல குந்தினு தலையாட்டணுமா நானு?" என்றாள். குப்பத்தை விட்டால் அவளுக்குத் தொழில் இல்லை. அது எனக்கும் தெரியும்.

புரட்டாசித் தொடக்கத்தில், பழைய தொகுப்பு வீடுகளை ஒன்றியமே பழுது பார்க்கப் போகிறது என்று தகவல் வந்தது. இந்த மாதிரித் தகவல்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன். அதனால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஓவர்சியர் காட்டூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு சுத்தியலோடு வந்து ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி போட்டு ஏறித் தளத்தைத் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்றது. கெட்ட இடத்தில் பொத்தென்றது. அக்கா வீட்டில் அவர் மூன்றாவது முறை தட்டவில்லை. இறங்கி, "இதுக்குக் கீழ யாரும் படுக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. மோசமான தளங்களை முதலில் எடுப்பதாக ஓவர்சியர் சொன்னார். ஊர்த் தலைவர் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் பேஜாரு சார். இது மோசம் அது மோசம்னு ஆரம்பிச்சா அடிதடில போய் நிக்கும். எங்க ஊர்ல எத பங்கு போட்டாலும் சீட்டுதான்."

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்போம். எந்த நாளில் யார் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறோம். சீட்டில் வந்த முறையை யாரும் மீறுவதில்லை. ஏரியில் சண்டை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஓவர்சியர் வாதாடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார். "முறை வந்தவரு அன்னைக்கு வலையோட வரலன்னா?"

"அடுத்தவனுக்குப் போய்டும். இவன் கடைசில போய் நிக்கணும்."

"சாவு, சீக்குன்னா?"

"இன்னாவா இருந்தாலும் சரி. ஏரி காத்துனு இருக்குமா?"

"அப்போ சீட்டே போடுங்க. இங்கயும் அதே சட்டம். கொத்தனார் வாசல்ல வந்து நிக்கும்போது வீடு காலியா இருக்கணும். இல்லன்னா அடுத்த வீடு."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வீடு பெண்கள் பேரில் இருந்ததால் அன்றைக்குப் பித்தளைச் சொம்பில் கைவிட்டவர்கள் பெண்கள். எங்கள் ஊரில் பெண்கள் சீட்டு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைவர் மனைவிக்கு முதல் சீட்டு. அக்காவுக்குக் கடைசிச் சீட்டு.

மழைக்கு முன்னால் அவ்வளவு வீடும் முடிய வழியில்லை. தலைவரிடம் கேட்டு மாற்றிக்கொள் என்று அக்காவிடம் சொன்னேன்.

"கம்முனு இரு. இன்னைக்கு எனக்காவ மாத்துனா நாளைக்கு ஏரில ஒருத்தன் மாத்துவான். அப்புறம் சீட்டு எதுக்கு?" என்றாள்.

அன்று மாலையே ஒரு டெம்போவில் சவுக்கு மரங்கள் வந்தன. அக்கா வீட்டிலும் இன்னும் சில வீடுகளிலும் தளத்துக்குக் கீழே பலகை கொடுத்து முட்டு நிறுத்தினார்கள். முட்டுக் கொடுப்பதற்குச் சீட்டு இல்லை என்று ஓவர்சியர் சொன்னார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாளே அக்கா பாத்திரம் பண்டங்களை வெளியே எடுத்துத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே அடுப்பு வைத்துவிட்டாள். தலைவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கடைசி சீட்டுக்காரி மொதல்ல மூட்ட கட்டிட்டா பாரு! இன்னாடி, தை மாசம் வரைக்கும் இங்கயே குடித்தனமா?"

"எனுக்கு இன்னா, வலையா, ஐஸ் பொட்டியா? நாலு குண்டான். எங்க வெச்சா இன்னா?"

வேலை நடந்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்ந்த கான்கிரீட்டை முழுக்க உடைத்தெடுத்து, கம்பியைப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, இற்ற இடத்தில் புதுக் கம்பி கட்டிய பிறகுதான் பூசினார்கள். மேலே பூசி மறைத்துவிட்டுப் போகும் வேலையை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். இங்கே அது நடக்கவில்லை. ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கலவைக்குக் காட்டூர் பக்கமிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் பெண்கள் லாரியை மறித்துக்கொண்டார்கள்.

"செவுத்துக்கு நல்ல தண்ணி, எங்களுக்கு உப்புத் தண்ணியா நைனா?"

ஓவர்சியர் சிரித்தார். "செவுரு குடிச்சு மிச்சம் எல்லாம் உங்களுக்குத்தான்." அதிலிருந்து ஒவ்வொரு நாளும் கலவைத் தொட்டி நிரம்பியதும் லாரிக் குழாய் குடங்களின் பக்கம் திரும்பியது.

முதல் நாள் கொத்தனார் ஊர்த் தலைவரின் வாசலில் போய் நின்றார். உள்ளே கட்டில் தெரியாத அளவுக்கு வலை. அன்று தலைவருக்கு நல்ல பாடு. வலையைக் கட்டவே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு எப்டி சார் காலி பண்றது? ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

ஓவர்சியர் அடுத்த வாசலைத் திரும்பிப் பார்த்தார். தலைவரே தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அடுத்த வூட்டுக்குப் போங்க. நான் சொன்ன சட்டம்தான" என்றார். அந்தப் பேச்சைக் காப்பாற்றியதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. தலைவரே தள்ளி நின்றபின் வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் தம்பி வீட்டில் போய்ப் படுக்க முடிந்தவர்கள் முறைப்படி முடித்துக்கொண்டார்கள். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக அக்கா வீட்டுக்கும் பின்னால் தள்ளிப்போயின. இறால் கூடும் நேரம். பாடு உள்ளவன் வலையை எங்கே கொண்டுபோய் வைப்பான்? பாடு ஆண்களுக்கு உரியது. கணவர் போனதோடு அக்காவுக்கு அது இல்லாமல் போனது. வலையும் போனது. அதனாலேயே அவள் வீடு காலியாக இருந்தது. ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒரு நாள் காலை, கொத்தனார் காலியாகாத நான்கு வீட்டு வாசல்களில் நின்றுவிட்டு அவள் வாசலுக்கு வந்தார். அவள் தார்ப்பாய்க்குக் கீழே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போப்பா. செருப்பு போட்டுக்கோ, கம்பி கெடக்குது" என்றாளாம்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கினீர்களா என்று பின்பு ஓவர்சியரிடம் கேட்டேன்.

"இல்ல சார். கூலிக்கு வந்தவங்க சும்மா உட்காரக் கூடாதுன்னு கேட்டேன். அவ்ளோதான். உங்க அக்கா வீடு மழைக்குள்ள முடியலன்னா அந்தச் சவுக்கு முட்டை நம்பித்தான் இருந்திருப்பேன்" என்றார். நான் அவரை நம்புகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கழிப்பறைத் தொட்டிகள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. மழைக்கு முன் முடியாத வீடுகள் முட்டோடு நின்றன; மழை விட்டதும் கொத்தனார்கள் திரும்பி வந்தார்கள். தலைவர் வீடு தையில் முடிந்தது.

முதல் பெருமழை ஒரு மதியம் பிடித்தது. பொன்னேரியில் தெருவில் முழங்கால் தண்ணீர். அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் மழை இரைச்சலும் யாரோ பெண்கள் பேசுவதும் கேட்டன. அடுத்த வீட்டுக்காரிகள் பிள்ளைகளோடு அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஒழுகுதா?"

"எங்க ஒழுவுது? உன் வூடு ஒழுவுதா?"

எங்கள் அடுப்படியில் ஒரு வாளி வைத்திருந்தோம். சொல்லவில்லை.

"மழ வுட்டதும் அந்தப் பொட்டிய கொண்டாந்து குடு. என் நல்ல பொடவ எல்லாம் அதுல கீது" என்றாள்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பெட்டியைத் துடைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.