தெய்வாத்தாள் கட்டிலுக்கு வந்த வெயில்

சிங்காநல்லூரில் எங்கள் சந்தில் இருக்கும் நஞ்சுண்டன் அண்ணனைப் போலப் பேச்சில் கஞ்சத்தனம் பிடித்த ஆளைப் பார்க்க முடியாது. வண்டி ஹெட்லைட்டுக்குள் இருக்கும் குழிந்த ரிஃப்ளெக்டர்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் ஆயுசைக் கழித்தவர். வேலையை விட்ட பிறகும் ‘ம்’, ‘சரிங்க’ என்ற இரண்டு வார்த்தைகளிலேயே நாளை ஓட்டிவிடுவார். அவருக்கும் சேர்த்துப் பேசியது அவர் மனைவி தெய்வாத்தாள் அக்காதான்.

அந்த அக்கா போன வருடம் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். ஒரே மகள் பிரவீனா கனடாவில். வீட்டின் இரு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டதால், கட்டில் கிடந்த உள்ளறையில் பட்டப்பகலிலும் டியூப்லைட்தான்.

“வெயிலப் பாத்து எத்தன நாளாச்சுங்க” என்று அக்கா ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு மொட்டைமாடிக்குப் போனவர்தான் அண்ணன்.

கடைகளில் அலங்கார விளக்குக்குப் போடுகிற கண்ணாடி ஒளியிழையை அவர் பார்த்திருந்தார். குழிந்த தட்டில் வெயிலைப் பிடித்து, அது குவிகிற இடத்தில் இழைக் கட்டின் நுனியை வைத்தால், வெளிச்சம் இழைக்குள்ளேயே ஓடி அறைக்கு வந்துவிடும். பழைய கைப்பழக்கத்தில் தட்டை ஆழமான கிண்ணம் மாதிரி செய்துவிட்டார். மாடியில் கண் கூசியது. அறைக்கோ மின்மினி அளவுகூட வரவில்லை. விளிம்பிலிருந்து ரொம்பச் சாய்ந்து வருகிற வெளிச்சத்தை இழை வாங்காது, ஓரளவு நேராக வருவதைத்தான் வாங்கும். வெளிச்சத்தை வெளியே அனுப்பியே பழகிய மனுஷனுக்கு இது உறைக்க ஒரு மாதம் பிடித்தது. அப்புறம் ஆழம் குறைத்து, சாப்பாட்டு வட்டில் மாதிரி இன்னொன்று தேய்த்தார்.

போர்வை மேல் வட்டமாக வெயில் விழுந்த அன்று, அக்கா அதில் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். சந்தே வந்து வேடிக்கை பார்த்தது.

ஆனால் சூரியன் நமக்காக நிற்குமா? தட்டை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். “ஒரு மோட்டார் வெச்சுப்போடுங்ணா” என்றேன். “ம்” என்றார். வைக்கவில்லை. காலையில் குடையோடு மாடி ஏறினால் இறங்குவது சாயங்காலம்தான். எனக்குக் கோபமாக வந்தது. பட்டறையில் ஊறிய ஆளுக்கு ஒரு மோட்டார் பொருத்தத் தெரியாதா? இளைத்துப்போன அக்கா முகத்துக்கு எதிரில் உட்கார அவருக்குத் தைரியமில்லை, அதுதான் விஷயம். மேலே அவர் தனியாக, கீழே அக்கா தனியாக.

ஒரு நாள் மத்தியானம் ரசம் கொண்டுபோனேன். “அவரக் கொஞ்சம் கூப்புடு கண்ணு” என்றார் அக்கா.

அண்ணன் வந்து கதவோரம் நின்றார். “வெளிச்சம் சரியா உழுகுதா அம்மணி?”

“வெயிலு வந்துருச்சுங்க. நீங்கதான் வாரதில்லீங்க.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போர்வை மேலிருந்த வட்டம் மங்கி அணைந்தது. சட்டென்று எழுந்தவரின் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

“கெடக்குது உடுங்க. சாப்ட்டீங்களா?”

அண்ணன் அழுதுவிட்டார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் மாடி ஏறவில்லை. பகலெல்லாம் அந்த அறையில் பேச்சுக்குரல் கேட்டது. பாதி அவருடையது என்றால் சந்தில் யாரும் நம்பவில்லை. அதுவும் கொஞ்ச நாள்தான். ஆடி முடிவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து பிரவீனாவும் கனடாவுக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். விளக்குகூடப் போடாமல், காலிக் கட்டில் பக்கத்தில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“சாப்ட்டேன் அம்மணி. கொழம்புல உப்புத்தான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.