ஒரு குடத்துக்கு ஒரு மூடி

அண்ணன் இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் அவருடைய தங்கையான நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தார். அம்மா போன பிறகு, காலை ஷிப்டுக்குக் கிளம்பும் எனக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தது அவர்தான். உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. குறை சொன்னால் மறுநாள் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியையே வைத்துவிடுவார். ஒரகடத்தில் அவருக்கும் கம்பெனி வேலை; முடிந்ததும் நேராகக் கழனிக்குப் போவார்.

புகைத் தண்ணீர் செய்வதை ஒரு விவசாயப் பயிற்சியில் கற்று வந்தார். காய்ந்த புல்லையும் வைக்கோலையும் மூடிய டின்னில் புகையவிட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் செலுத்துவார். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதில் பாட்டில் மூடியால் ஒரு மூடி. அதில் ஊறிய விதை சீக்கிரம் முளைக்கும், நாற்றும் திடமாக வரும். உப்பு அளவு தெரியாதவர், இதில் ஒரு சொட்டு கூடவிடமாட்டார்.

சுற்றிலும் நிலங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். "இந்த வாட்டி கத்திரி வரலைன்னா கழனிய குட்த்துடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா எடுத்துவைத்த பழைய விதைதான் இருந்தது. அண்ணனுக்கு அன்று ஓ.டி.; ஊறப்போடும் வேலையை என்னிடம் விட்டார். விதை பழசாயிற்றே, சத்து கூடட்டும் என்று நல்ல தண்ணீரே கலக்காத புகைத் தண்ணீரில் மொத்த விதையையும் கொட்டினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றார் அப்பா.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தாம்பா கலக்காம ஊறப்போட்டுட்டேன்."

பிறகு என்னிடம், "அழுதுகினு நிக்காத. யார்கிட்டயும் சொல்லாத" என்றார். கழனி போயிற்று.

"தண்ணியில கழனியக் கரைச்சவரு வந்துட்டாரு" என்று கல்யாண வீடுகளில் நீங்கள் கேலி செய்தபோதெல்லாம் அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. பின்னர் குத்தகை நிலத்தில் மறுபடி புகை போட்டார். அவரிடம் நாற்று வாங்கிப்போனவர்கள் உங்களில் பலர்.

அவர் படுக்கையில் விழுந்தபோது, எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்மா. அவங்க சிரிக்கறது எனக்குப் பழகிப்போச்சு. உனுக்குப் பழகாது."

ஆஸ்பத்திரிக்கு வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவையும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களையும், கடைசிவரை தோள் கொடுத்த உங்கள் எல்லாரையும் எங்கள் குடும்பம் மறக்காது.

கலக்காமல் ஊறப்போட்டவள் நான். இனி என்னைக் கேலி செய்யுங்கள். பழகிக்கொள்கிறேன்.