எரவல் குடுத்த வாள்

ஞானமுத்து அண்ணாச்சி இன்னைக்குக் காலைல திருத்தங்கல்ல காலமாயிட்டார். அந்த வாள் கைக்கு வராமலேதான் போவாருன்னு நான் அறுபதுகள்லயே சொன்னேன்... ஒருத்தனும் காதுல வாங்கல.

பட்டாசு கம்பெனில எனக்கு சீனியர். பழைய மிலிட்டரி ஆபீசருக வாள்னா அவருக்கு உசுரு. ரிட்டையர்டு கேப்டன் எங்கன இருந்தாலும் தேடிப் போயிருவார்.

மூணு வாள் சேத்திருந்தார். அதுல ஒசத்தி, ஒரு வெள்ளக்கார கர்னலோடது. குதிரையோட சேத்து ஆள வெட்டின வாள்... பிடில ரத்தக்கறைய நானே பாத்திருக்கேன்.

எங்க ஊர் கருப்பசாமி கோயில் கொடை அன்னைக்குப் பாத்து, சாமி அருவா பிடி ஒடஞ்சு போச்சு. சாமியாட வாள் எரவல் கேட்டாக.

"குடுங்க அண்ணாச்சி, ஆனா வாயத் தொறக்காதீக"ன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

அவரு சர்ச்சுக்குப் போற மனுசன். அங்க ஃபாதர 'சாமி'ன்னுதான் கூப்பிடுவாக. அதே பழக்கத்துல, ஆடிக்கிட்டிருந்த பூசாரிகிட்ட "இந்தாங்க சாமி, வச்சுக்கங்க"ன்னுட்டார்.

முடிஞ்சது கத.

மறுநாள் கேக்கப் போனா, வாள் கருப்பன் முன்னால நட்டு நிக்குது, நுனில எலுமிச்சம்பழம்.

பூசாரி சொல்றார்... "சாமின்னீக, வச்சுக்கங்கன்னீக. இப்ப எரவல்னா எப்படி அண்ணாச்சி?"

"உம்மத்தானவே சொன்னேன்."

"அந்நேரம் நான் எங்க இருந்தேன்? கருப்பன்ல இருந்தான்."

ஸ்டேஷனுக்கும் போனோம். ஏட்டையா நேர்ல வந்து பாத்தார்... வாளக் கும்பிட்டுட்டு, திருநீறு பூசிக்கிட்டுப் போயிட்டார். அண்ணாச்சிக்கு எம்புட்டு எரிச்சலா இருந்திருக்கும்.

எலுமிச்சம்பழம் இரும்பத் தின்னுரும்ல. அதனால வாராவாரம் மெஷின் எண்ணெயோட போயி வாளத் தொடச்சிட்டு வருவார்.

சனம் ஏதோ வேண்டுதல்னு நெனச்சுச்சு. ஃபாதர் கூப்பிட்டு விசாரிச்சார். "எண்ணெய் போடத்தான் போறேன் சாமி"ன்னா யார் நம்புவா...

பூசாரி மாறினார், மகன் வந்தார். அவரும் "கருப்பன் உத்தரவு குடுக்கல"ன்னுட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரில பாத்தேன். "இருக்கட்டும்லே, கருப்பன்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்"னு சிரிச்சார்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி.

...அவர் அப்படிச் சொல்லல. கடைசியா என்ன சொன்னார்னு அவக வீட்ல கேட்டதுக்கு நானாச் சொன்னது அது. என்னப் பாத்ததும், "வாங்கிட்டியாலே"ன்னுதான் கேட்டார்.