மாமன் மடி

என் தங்கை மகளுக்குக் காது குத்து. எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தங்கைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் என் மகன் குற்றாலம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்து அப்போது வருஷம் திரும்பவில்லை.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் நான். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது.

இலஞ்சி கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் விசேஷம். கம்மலும் பட்டுப்பாவாடையும் வைத்த தட்டோடு நானும் என் மனைவியும் சாரலில் நனைந்தபடி உள்ளே போனோம். மணையில் ஏற்கெனவே ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். என் பெரியப்பா மகன், போலீஸ்காரர். தங்கை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் கணவனின் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காத மாப்ள. துக்கம் நடந்த வீடு. பிள்ளைய உன் மடியில வைக்கது நல்லாருக்காதுன்னு சொல்லுதாவ. வருசம் முடியட்டும். தட்டக் குடுத்துட்டு, இருந்து சாப்ட்டுட்டுப் போ."

எப்போதும்போலத் தலையாட்டித் தட்டை நீட்டினேன். சுற்றி நின்றவர்கள் முகத்திலெல்லாம் ஒரு நிம்மதி. அதுதான் என்னைச் சுட்டது. மகன் போனதிலிருந்தே இப்படித்தான். நான் டீக்கடைக்குள் நுழைந்தால் அங்கே சிரிப்பு நின்றுவிடும். அழுவதற்கு மட்டும் என்னை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

தட்டை இழுத்துக்கொண்டேன்.

"துக்கம் வருசத்தோட முடியாது அத்தான்." ஆரம்பித்த பிறகு நான் நிறுத்தவில்லை. "நான் சாவுத வரைக்கும் கூடவே இருக்கும். அது முடிஞ்ச பொறவுதான் பிள்ளையத் தூக்கணும்னா, நான் எப்பத்தான் தூக்க?"

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, அந்தப் போலீசுக்கு மடி எங்க இருக்கு? வயிறுல்லா இருக்கு. பிள்ள வழுக்கி விழுந்துரும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரரே மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "உக்காருடே. எனக்கும் காலு மரத்துட்டு."

தங்கை ஓடிவந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டாள், பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த காதுக்கு வருவதற்குள் அவளுக்கு வலி என்னவென்று தெரிந்துவிட்டது. துள்ளினாள்.

"மாமா, கெட்டியாப் பிடிங்க" என்றார் ஆசாரி.

நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வலிக்கிற நேரத்தில் பிடித்துக்கொள்ளத்தான் மாமன் மடி என்று அப்போது புரிந்தது. என் மகனுக்கு வலித்தபோது அந்த ரோட்டில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அழுகை வந்தது. கம்மலோடு மூக்கொழுக என்னை முறைத்துப் பார்த்த அந்த முகத்தைக் கண்டு சிரிப்பும் வந்தது. இரண்டும் வரட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பந்தியில் மனைவியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பின்னால் யாரோ மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

"மவனப் பறிகொடுத்தவன் சாப்பிடுத சாப்பாட்டப் பாரு."

என் மனைவியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பாயச வாளியோடு தாண்டிப்போனவரை நான் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இங்கன இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இவளுக்கும் ஊத்துங்க."