"வருதோ?" என்று கேட்டவர்

வல்வெட்டித்துறையில் ரீவிக்கு டிஜிட்டல் பெட்டி பொருத்தும் வேலைக்குப் போன வீட்டில்தான் அவரைச் சந்தித்தேன். தனியாக இருக்கும் கடற்றொழிலாளி. மெலிந்த உடம்பு, உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. அக்கரையிலிருந்து வரும் இந்தியச் சனலுக்காக முற்றத்தில் அன்ரெனாக் குழாயைத் திருப்புவதும், உள்ளே ஓடிப்போய் ரீவியைப் பார்ப்பதும், திரும்பி வந்து மறுபடி திருப்புவதுமாக இருந்தார்.

"ஐயா, இந்தியாக்காரர் பழைய ஒளிபரப்பை நிப்பாட்டிப் போட்டினம். இனி அன்ரெனாவிலை ஒண்டும் வராது."

"தெரியும் தம்பி. அந்தச் சனல் செய்தியிலைதான் என்ரை பொடியனைக் காட்டினவை. எல்லை தாண்டினதெண்டு இந்தியாவிலை பிடிபட்ட ஆக்களோடை கரையிலை குந்தியிருந்தான். மற்ற ஆக்கள் வந்திட்டினம். இவன்ரை பேர் பிடிபட்ட ஆக்கள்ரை லிஸ்ரிலையே இல்லையாம்."

நான் கொண்டுபோன பெட்டியைப் பிரிக்கவில்லை.

"உள்ளை போய்ப் பாரும். நான் திருப்புறன்" என்றார்.

திரையில் புள்ளிகள் மட்டும் இரைந்தன.

"வருதோ?"

"இல்லை ஐயா."

"இப்ப?"

எத்தனை தரம் இல்லை என்று சொல்வது. கடைசியில், "ஓம் ஐயா, கொஞ்சம் வருது" என்றேன்.

குழாய் நின்றது. நட்டை இறுக்கும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து பார்க்கவில்லை.

வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். அன்ரெனா, இந்தியா இருக்கும் வடக்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பார்த்தபடி நின்றது. இன்றும் அப்படியேதான் நிற்கிறது. இந்தியா எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடியவர் அவர்.