அவளுக்கு மட்டும் ஃபைல் இல்லை

அவள் போய் இரண்டு வருடமாகிறது. எங்கள் நிலையத்தில் ஐந்து வைத்தியர்கள் இருந்தோம். ஐந்து பேருமே அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம்தான், அதுவும் என் மேலேயே. அழுகை அப்புறம் வருகிறது.

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் நிலையம். ஆயுர்வேத டாக்டரம்மா, அக்குபஞ்சர்காரர், யோகா மாஸ்டர், புதன்கிழமை மட்டும் வரும் இங்கிலீஷ் டாக்டர், பிசியோதெரபிக்கு நான். நோயாளியைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை, முழு மனுஷனாகப் பார்க்கிறோம் என்று நோட்டீஸில் போட்டிருப்போம். படித்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

போட்டதற்குத் தகுந்தபடி நடந்தும் கொண்டோம். புது நோயாளி யாரானாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் எல்லார் முன்பும் உட்கார வேண்டும். இங்கிலீஷ் டாக்டர் போனில் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருக்கு ஒரே ஃபைல். ஆளுக்கொரு நிற மையில் எழுதுவோம், என்னுடையது பச்சை. "சொல்லுங்க, ஒடம்புக்கு என்னங்க பண்ணுது?" என்று நான் கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசக் கூடாது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவளும் நான்தான்.

அவள் எண்ணெய்த் தேய்ப்புக்கு இருந்தாள். சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். கை வைத்தால் முரட்டு முதுகும் இளகிவிடும். திங்கட்கிழமைகளில் நோயாளிக்கு நாற்காலி போட்டு, சீரகத் தண்ணீர் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும் அவள்தான். பேசத் தயங்குகிறவர்களின் தோளில் லேசாகக் கை வைப்பாள். உடனே பேச்சு வந்துவிடும்.

ஒரு நாள் என் அறைக்குள் தலையை நீட்டினாள். "அக்கா, முதுகு இழுத்துப் பிடிக்கிக்கா. என்னன்னு பாருங்களேன்."

"எண்ணெய்ச் சட்டியத் தூக்கிட்டே திரிஞ்சா இழுக்காம என்ன பண்ணும்? குப்புறப் படு கண்ணு" என்றேன். அடுத்த நோயாளி வருவதற்குள் ஒத்தடம் கொடுத்து அனுப்பினேன். கட்டிலை விட்டு இறங்கும்போது சிரித்தாள். "எங்க லயத்துல ஒரு டாக்டரப் பாக்க ஜீப்புக்குக் காத்துக் கெடக்கணும். எனக்கு இங்க அஞ்சு பேரு!"

சாப்பாடு இறங்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பசிக்கு அரிஷ்டம் கொடுத்தார். தூக்கமில்லை என்றதற்கு அக்குபஞ்சர்காரர் மணிக்கட்டில் ஊசி வைத்தார். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்றபோது, "இப்பத்தான் ஒடம்பு சொன்ன பேச்சு கேக்குது" என்று யோகா மாஸ்டர் பாராட்டினார். இங்கிலீஷ் டாக்டர் வராந்தாவில் நடந்துகொண்டே கேஸ் மாத்திரை எழுதினார். யாரும் அலட்சியமாக இல்லை, எல்லாரும் பாசமாகத்தான் செய்தோம். வீட்டுப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து ஃபைல் போடுவது வெளியாளாக நடத்துவது போல இருந்தது. அதனால் அவளிடம் ஆளுக்கு ஒரு துண்டை வாங்கிக்கொண்டோம். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு காலையில் அவள் முற்றத்தில் துண்டு காயப்போடும்போது வெயிலில் அவள் கண்ணைப் பார்த்தேன், மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கணையத்தில் கட்டி என்று வந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"இவ்வளவு நாளா யார்கிட்டயும் காட்டலையாம்மா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"காட்டினேன் சார். அஞ்சு பேருகிட்ட காட்டினேன்" என்றாள், எங்களை விட்டுக்கொடுக்காமல்.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் கிடந்து அல்லாடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பேரில் ஃபைல் திறந்தோம். அன்றும் அவளே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு, வழக்கம்போல அதன் பின்னால் போய் நின்றாள். டாக்டரம்மாதான் எழுந்து போய், அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

நான் பேனாவைத் திறந்தேன். கேட்டே ஆக வேண்டும். "சொல்லு கண்ணு, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"அதான் ஆளுக்குக் கொஞ்சமா எல்லார்ட்டயும் சொல்லிட்டேனேக்கா. சேத்து இன்னொருக்கா சொல்லணுமா?"

"சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். பச்சை மையில் எழுதினேன். அவள் சொல்லி முடித்தபோது ஒரு பக்கம்கூட நிறையவில்லை.