முன்கூட்டியே சொன்ன நன்றி

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மைக் பிடிப்பவன் நான்தான். "எனக்கு வயசு அம்பது, தொப்பைக்கு அறுபது" என்று ஆரம்பித்தாலே முதல் வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிடும். துக்க வீடுகளில் பாஸ்டர் ஜெபிப்பார். டீ வரும்போது நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஊழியம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். என் மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள், என் வேனில்தான் வருவாள். மற்றவர்கள் முன்னால் அப்பா என்று கூப்பிடமாட்டாள். "டிரைவர் அண்ணாத்த, ஏசிய கொஞ்சம் ஏத்துங்க" என்பாள். வண்டியே சிரிக்கும்.

அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. சிகிச்சையின் நடுவில் ஒரு தடவை ரிப்போர்ட் நன்றாக வந்தது. "இன்னும் பாக்கணும்" என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். சுகம் கைக்கு வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாக நினைத்து நன்றி சொல்லிவிட வேண்டும். அதுதான் விசுவாசம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி, பிரியாணி போட்டு, நன்றிக் கூட்டம் வைத்தோம். நான் சாட்சி சொன்னேன். "டாக்டர் பாக்கணும்னாரு. ஆண்டவர் ஏற்கெனவே பாத்துட்டாரு சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்." எல்லோரும் கைதட்டினார்கள். தலையில் துணி கட்டியிருந்த என் மகளும் தட்டினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அதே மாடியில்தான் சாப்பாடு.

அதற்குப் பிறகு என் மனைவி ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். சபைக்கு வருவாள், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள், உதடு அசையாது. முன்பெல்லாம் துணி மடிக்கும்போதுகூட ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பவள். எனக்குப் பயமாக இருந்தது. மகளை இழந்தவள் அவரையும் விட்டுவிட்டால் அவளுக்கு மிச்சம் நான் ஒருவன்தான். என்னை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு காலம் தள்ளுவாள்?

இந்தக் கோடையில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் சபையார் உபவாச ஜெபம் வைத்தார்கள். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து சங்கிலி ஜெபம். ஒருவர் முடித்து ஆமென் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். மனைவியின் முறை வரும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவது வழக்கம். அன்றும் அவளுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்து, நேரம் வந்ததும் தொண்டையைச் செருமினேன். அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"நைனா" என்றாள் ஆண்டவரிடம். கண்ணை மூடவில்லை.

நாங்கள் எல்லோரும் பைபிள் தமிழில் ஜெபிக்கிறவர்கள். அவளோ வாசலில் வரும் மீன்காரம்மாவிடம் பேசுவது போலப் பேசினாள்.

"நைனா, நீ கீறன்னு எனக்குத் தெரியும். அதான் பேஜாரே. இல்லன்னா வுட்டுட்டுப் போயிருப்பேன். நன்றி சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். ஊரக் கூப்ட்டு சோறு போட்டுச் சொன்னேன். நன்றியையும் வாங்கிகினு புள்ளையையும் வாங்கிகினியே, இன்னா நியாயம் இது?"

சுற்றியிருந்தவர்கள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சத்தத்தைக் கூட்டினார்கள். கல்யாண மண்டபத்தில் யாராவது சண்டை போட்டால் மேளத்தை ஓங்கி அடிக்கச் சொல்வார்களே, அப்படி. பாஸ்டரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சிஸ்டர். முறுமுறுக்கக் கூடாது. இஸ்ரவேல் ஜனங்க முறுமுறுத்துதான் வனாந்தரத்துலயே மடிஞ்சாங்க."

"மடிஞ்சாங்க பாஸ்டரம்மா. ஆனா முறுமுறுத்த மறுநாளும் வானத்துலேர்ந்து மன்னா வுழுந்துச்சே. அவரு சோத்த நிறுத்தலியே."

பாஸ்டரம்மா பிடித்த கையை விடவில்லை.

"கடைசில புள்ள தண்ணி கேட்டா நைனா. ஆஸ்பத்திரில குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள் என் மனைவி. "நீ அங்க குடுத்தியா? அத்த மட்டும் சொல்லு."

அவ்வளவுதான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆமென் சொல்லவில்லை. சங்கிலி அங்கேயே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த மாதிரி நேரங்களுக்கென்றே என்னிடம் ஏதாவது ஜோக் இருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. மாடியில் கைதட்டிய மகளின் கைகள்தான் கண்ணுக்குள் வந்தன, ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்த கைகள்.

"ஆமென்" என்றேன். அவள் சொன்னதற்குத்தான். என் பங்குக்கு வேறு எதையும் நான் ஜெபிக்கவில்லை. எதிரே இருந்த ஒருவர் எழுந்து தோப்புக்கு வெளியே போய்விட்டார். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை நான் வண்டி எடுக்கக் கிளம்பும்போது சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அடுப்பைத் துடைத்தபடி ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணி குடுத்தியா இல்லியா, அதே கேள்வி.

இப்போது தினமும் நடக்கிறது. பதில் வந்ததா என்று நான் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அவளிடம் இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் எழுந்து போகாமல் இருக்கிறார் என்றால், அது பெரிய இரக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னால் முடிந்ததில்லை. நடுவில் நுழைந்துவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன்.